விலைக்கு வரும் கல்வியும் செல்லுபடியாகாத சான்றிதழும்

ஜெனீவாவில் ஐக்கிய நாடுகள் சபையின் முன்றலை அறியாத எம்மவர் இல்லை. கால் முறிந்த அந்தப் பெரிய மரக்கதிரையின் அருகே மழையிலும் குளிரிலும் நின்ற அனுபவம் எமது குடும்பங்கள் பலவற்றுக்கு உண்டு. அங்கிருந்து ஏரிப் பக்கமாக இறங்கி நடந்தால், லவுசான் வீதியில், மரங்கள் சூழ்ந்த பழைய மாளிகை போன்றதொரு கட்டடம் தென்படும். 1926இல் சர்வதேசத் தொழில் தாபனத்திற்காகத் திறக்கப்பெற்ற அக்கட்டடத்தில் இன்று உலக வர்த்தக நிறுவனம் இயங்கி வருகின்றது. அதன் வாசலில் நாம் நின்றதில்லை. அரிசி, இரும்பு, தேயிலை என்று வணிகர் பேசிக்கொள்ளும் இடம். அகதியாக வந்த எமக்கு அங்கே என்ன அலுவல் என்றே எண்ணியிருந்தோம்.

அண்மையில் வாசகர் ஒருவர் எமது பணிமனைக்குக் கொண்டுவந்த துண்டுப்பிரசுரம் ஒன்று அந்த எண்ணத்தை மாற்றியது. அவர் இருபது ஆண்டுகளுக்கு மேலாக உணவகச் சமையற்கூடத்தில் பணிபுரிபவர். கோப்பை கழுவுவதில் தொடங்கி, இன்று முதலாளி இல்லாத வேளைகளில் அடுப்படி முழுவதையும் பொறுப்பேற்று நடத்துபவர். அவருடைய மகன் பெயரில் ‘சுவிஸ்’ என்ற சொல்லைத் தாங்கிய தனியார் நிறுவனமொன்றில் மூன்று ஆண்டுகள் வர்த்தக முகாமைத்துவம் பயின்று பட்டமும் பெற்றுவிட்டார். அதன்பின் அரச உயர்தொழிற் கல்லூரி ஒன்றில் முதுமாணிப் படிப்புக்கு விண்ணப்பித்தபோது, அந்தப் பட்டத்தை ஏற்க இயலாது என்ற பதில் இரண்டே வரிகளில் வந்தது. தந்தை எம்மிடம் காட்டிய துண்டுப்பிரசுரத்தில், “எமது கற்கைநெறிகள் சர்வதேச உடன்படிக்கைகளுக்கு அமைவானவை” என்று பெரிய எழுத்தில் அச்சிடப்பட்டிருந்தது. “அப்படியானால் இது பொய்யா, ஐயா?” என்று அவர் கேட்டார்.

அது முற்றிலும் பொய் அன்று. அதனாலேயே அது ஆபத்தானது. இதனை விளக்குவதற்கே இக்கட்டுரையை எழுத முற்பட்டோம்.

1994 ஏப்ரலில் மொறொக்கோவின் மரக்கேஷ் நகரில் கையொப்பமிடப்பட்டு, 1995 சனவரி 1ஆம் திகதி நடைமுறைக்கு வந்த உடன்படிக்கைகளுள் ஒன்று ‘சேவை வர்த்தகம் பற்றிய பொது உடன்படிக்கை’. அதன் ஆங்கில முதலெழுத்துக்களைச் சேர்த்து ‘காட்ஸ்’ என்பர். அதற்கு முன்னிருந்த ‘காட்’ உடன்படிக்கை பொருள்களை மட்டுமே கையாண்டது. கப்பலில் ஏற்றக்கூடியதே வர்த்தகம் என்பது பழைய கணக்கு. வங்கி, தொலைபேசி, உல்லாசப் பயணம், மருத்துவம் ஆகியனவும் எல்லை கடந்து விற்கப்படுகின்றன என்பது புதிய கணக்கு. இவ்வாறு பன்னிரண்டு துறைகள் வகுக்கப்பட்டன. அவற்றுள் ஒன்று கல்வி. ஆரம்பக் கல்வி, இடைநிலைக் கல்வி, உயர்கல்வி, வளர்ந்தோர் கல்வி, ஏனையவை என அதற்குள் ஐந்து பிரிவுகள் உள்ளன.

கல்வி எல்லை கடப்பதற்கு நான்கு வழிகள் உண்டென்று அவ்வுடன்படிக்கை கூறுகின்றது. வர்த்தகர் மொழியில் கேட்டால் தலை சுற்றும். எமது வீட்டு வழக்கில் பார்த்தால் நான்கும் நாம் அறிந்தவையே. பாடம் மட்டும் எல்லை கடப்பது முதலாவது வழி: இலண்டனிலிருந்தோ சென்னையிலிருந்தோ தபாலிலும் கணினியிலும் வரும் கற்கைநெறிகள் இத்தகையவை. இரண்டாவதில் மாணவர் எல்லை கடக்கிறார். மருத்துவம் படிக்கவென்று கிழக்கு ஐரோப்பாவுக்கு அனுப்பப்படும் எமது பிள்ளைகள் இவ்வகையினர். மூன்றாவதில் நிறுவனமே கிளை திறக்கின்றது. நான்காவதில் ஆசிரியர் வருகிறார். அரங்கேற்றத்திற்குச் சில மாதங்கள் முன்னதாகச் சென்னையிலிருந்து வரவழைக்கப்படும் நடன ஆசிரியருக்கு விசா பெறுவதற்குப் பெற்றோர் அலைவது இந்த நான்காவது வழியின் கதையே. நான்கு வழிகளிலும் நாடுகள் மிகக் குறைவாகத் திறந்து வைத்திருப்பதும் இதுவே. பாடத்துக்குத் திறக்கும் கதவு, பாடம் சொல்லிக் கொடுப்பவருக்குத் திறப்பதில்லை.

எந்தத் துறையை எவ்வளவு திறப்பது என்பதை ஒவ்வொரு நாடும் தனது அட்டவணையில் எழுதிக்கொடுக்கும். சுவிற்சர்லாந்து கல்வித்துறையில் தனியார் கல்விச் சேவைகளை மட்டும் எழுதிக்கொடுத்தது. இலங்கை கல்வியை எழுதவேயில்லை. இந்தியாவும் 1994இல் எழுதவில்லை. 2005இல் உயர்கல்வியைத் திறக்க முன்வந்ததாயினும், டோஹாவில் தொடங்கிய பேச்சுவார்த்தைகள் முடங்கியமையால் அந்த முன்மொழிவு கடதாசியோடு நின்றது. இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். இலங்கை எதுவும் எழுதிக்கொடுக்காதிருந்தும் கொழும்பில் இலண்டன் பரீட்சைகளும் வெளிநாட்டுப் பட்டப்படிப்புகளும் தாராளமாக விற்பனையாகின்றன. ஆகவே இந்தச் சந்தையை உடன்படிக்கை உருவாக்கவில்லை. இருந்த சந்தைக்கு அது சட்டம் எழுதியது, அவ்வளவே.

இதனால் எமது பிள்ளைகளின் பாடசாலைகள் தனியார் கைக்குப் போய்விடுமோ என்ற அச்சம் ஒரு காலத்தில் இந்நாட்டவருக்கே இருந்தது. 2000களில் சுவிசின் பல ஊராட்சிகள் தம்மைக் ‘காட்ஸ் இல்லாத பிரதேசம்’ என்று அறிவித்துக்கொண்டன. அந்த அச்சம் முழுவதும் வீணானது என்று நாம் சொல்லமாட்டோம். எனினும், வர்த்தக நோக்கின்றியும் வேறெவரோடும் போட்டியின்றியும் அரச அதிகாரத்தின் கீழ் வழங்கப்படும் சேவைகளுக்குத் தான் பொருந்தாது என்று அவ்வுடன்படிக்கையின் முதலாம் பிரிவே கூறுகின்றது. இந்நாட்டின் கூட்டாட்சி அரசியலமைப்பு, அடிப்படைக் கல்வியைப் போதுமானதாகவும் இலவசமாகவும் பெறும் உரிமையைத் தனது 19ஆம் பிரிவில் உறுதி செய்கின்றது. பிள்ளையின் கையில் எந்த எழுத்துடைய வதிவிட அட்டை இருப்பினும் இவ்வுரிமை அதற்கு உண்டு. கன்ரன் நடத்தும் பாடசாலையில் படிக்கும்வரை எமது பிள்ளை எந்தச் சந்தைக்கும் வாடிக்கையாளர் அன்று. பதினாறு, பதினேழு வயதுக்குப் பின்னர்தான் துண்டுப்பிரசுரங்கள் வரத் தொடங்குகின்றன.

இனி அந்தத் தந்தையின் வினாவுக்கு வருவோம். உடன்படிக்கை எதைத் திறக்கின்றது? விற்பவருக்குச் சந்தையைத் திறக்கின்றது. ஒரு நிறுவனம் இங்கே வகுப்பு நடத்தலாம், கட்டணம் வாங்கலாம், தான் விரும்பிய தாளில் தன் முத்திரையைக் குத்தி வழங்கலாம். அந்தத் தாளை எவரேனும் ஏற்றாக வேண்டும் என்று உடன்படிக்கை எங்கும் சொல்லவில்லை. அதன் ஏழாம் பிரிவு அங்கீகாரத்தைப் பற்றியதே. ஆனால் நாடுகள் ஒன்றின் சான்றிதழை மற்றொன்று அங்கீகரிக்கலாம் என்று அனுமதிக்கின்றதேயன்றி, அங்கீகரிக்க வேண்டும் என்று பணிக்கவில்லை. ‘லாம்’ என்பதற்கும் ‘வேண்டும்’ என்பதற்கும் இடையிலுள்ள இந்தப் பள்ளத்தில்தான் அவருடைய மகனின் மூன்று ஆண்டுகள் விழுந்தன.

சுவிஸ் சட்டம் இதில் ஓரளவு காப்பு அளிக்கின்றது. 2015 சனவரி 1ஆம் திகதி நடைமுறைக்கு வந்த உயர்கல்விச் சட்டத்தின்படி ‘பல்கலைக்கழகம்’, ‘உயர்தொழிற் கல்லூரி’ (எம்மவர் ‘பாக்கோக்சூல’ என்று சொல்வது), ‘ஆசிரியர் கல்விக் கல்லூரி’ ஆகிய பெயர்களை உரிய தர அங்கீகாரம் பெற்ற நிறுவனங்கள் மட்டுமே சூட்டிக்கொள்ளலாம். ஏற்கெனவே இயங்கியவற்றுக்கு 2022ஆம் ஆண்டின் இறுதிவரை தவணை கொடுக்கப்பட்டிருந்தது. ஆனால் ‘இன்ஸ்டிடியூட்’, ‘அக்கடமி’, ‘பிஸ்னஸ் ஸ்கூல்’ என்ற சொற்களுக்கு அத்தகைய வேலி இல்லை. பெயரில் ‘சுவிஸ்’ என்றிருப்பதும் மலையின் படம் போட்டிருப்பதும் எதற்கும் சான்று ஆகா. தர அங்கீகாரம் பெற்ற நிறுவனங்களின் பட்டியலைச் சுவிஸ் தர அங்கீகார மன்றம் பொதுவில் வெளியிடுகின்றது. அதனைப் பார்க்க எந்தக் கட்டணமும் இல்லை. பத்து நிமிடம் போதும்.

அங்கீகாரத்தின் நியாயம் எவ்வளவு விசித்திரமானது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. இரு சகோதரியர் என்று வைத்துக்கொள்வோம். மூத்தவர் யாழ்ப்பாணத்தில் தாதியாகப் பயின்று, பின் இங்கு வந்தவர். இளையவர் ஜேர்மனிக்குச் சென்று, அங்கே தாதியர் பயிற்சி முடித்து, அந்நாட்டுக் குடியுரிமையும் பெற்றவர். இளையவர் சுவிசில் வேலைக்கு வந்தால், 1999இல் கையொப்பமாகி 2002 யூன் 1இல் நடைமுறைக்கு வந்த சுவிஸ்–ஐரோப்பிய ஒன்றிய உடன்படிக்கையின்படி அவருடைய தகைமைக்கு அங்கீகாரம் கோரும் உரிமை உண்டு. மூத்தவர் தமது தாள்களை மொழிபெயர்த்து, கூட்டரசின் சார்பில் இப்பணியைச் செய்யும் சுவிஸ் செஞ்சிலுவைச் சங்கத்திடம் சமர்ப்பித்து, பாடம் பாடமாக ஒப்பிடப்பட்டு, குறைகள் காணப்பட்டால் அவற்றை நிரப்பும் பயிற்சியோ பரீட்சையோ முடித்தாக வேண்டும். இளையவருக்கு உதவுவது சேவை வர்த்தக உடன்படிக்கை அன்று. ஆட்களின் சுதந்திர நடமாட்டம் பற்றிய உடன்படிக்கையே அது. சந்தை திறப்பது வேறு, சான்றிதழ் செல்லுபடியாவது வேறு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

வெளிநாட்டுப் பட்டம் எமக்குப் புதியதன்று. அமெரிக்க மிசனரிமார் 1823இல் வட்டுக்கோட்டையில் தொடங்கிய செமினரியில் பயின்ற சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை, கடல் கடந்து சென்று, 1857இல் நிறுவப்பெற்ற சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளுள் ஒருவரானார். 1921இல் கொழும்பில் திறக்கப்பெற்ற பல்கலைக்கழகக் கல்லூரி தானாகப் பட்டம் வழங்கியதில்லை. அதன் மாணவர் இலண்டன் பல்கலைக்கழகத்தின் வெளிவாரிப் பரீட்சைக்கே அமர்ந்தனர். 1942இல் இலங்கைப் பல்கலைக்கழகம் தோன்றும்வரை இதுவே நிலை. 1970களில் தரப்படுத்தல் வந்து எமது மாணவர்க்குப் பல்கலைக்கழக வாசல் சுருங்கியபோதும் இலண்டன் பரீட்சைகளைப் பற்றிக்கொண்டவர் பலர். அந்தத் தாள்கள் அன்று செல்லுபடியானதற்குக் காரணம் என்ன? பட்டம் கொடுத்தவரும் உத்தியோகம் கொடுத்தவரும் ஒரே சாம்ராச்சியத்தின் ஆட்கள். பாட்டனார் இலண்டன் பட்டத்தோடு உத்தியோகம் பார்த்த கதையைக் கேட்டு வளர்ந்த எமக்கு, ‘வெளிநாட்டுப் பட்டம்’ என்றாலே ஒரு மயக்கம் உண்டு. விற்பவர்களும் அதை நன்கறிவர்.

இந்தியப் பல்கலைக்கழகங்களின் தொலைக்கல்வியும் எமது சமூகத்தில் பரவலாக உள்ளது. தமிழ், இசை, நடனம் ஆகியவற்றை விருப்பின் பேரில் கற்போருக்கு நாம் குறை சொல்லவில்லை. எனினும், தொழிலுக்கென்று படிப்போர் அந்தப் பட்டம் அதன் சொந்த நாட்டிலேயே செல்லுமா என்பதை முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும். இந்தியப் பல்கலைக்கழக மானியக் குழு 2013இல், பல்கலைக்கழகங்கள் தமது ஆட்புல எல்லைக்கு வெளியே கற்கை நிலையங்கள் நடத்தலாகாது என அறிவித்தது. 2022 மார்ச்சில், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் தொலைக்கல்வி நெறிகளுக்கான அங்கீகாரம் 2014–15 கல்வியாண்டு வரைக்கும்தான் என்று அதே குழு அறிவித்தபோது, பலர் அதிர்ந்தனர். பிறந்த வீட்டில் அங்கீகாரம் இல்லாத சான்றிதழைப் புகுந்த வீட்டில் எவ்வாறு காட்டுவது? பதியும் ஆண்டையும் அவ்வாண்டில் அனுமதி இருந்ததா என்பதையும் மானியக் குழுவின் அறிவித்தல்களில் பார்த்துக்கொள்வது அவசியம்.

சுவிசும் ஐஸ்லாந்தும் நோர்வேயும் லிச்சென்ஸ்ரைனும் சேர்ந்து இந்தியாவோடு 2024 மார்ச் 10இல் செய்துகொண்ட வர்த்தக உடன்படிக்கை 2025 ஒக்ரோபர் 1இல் நடைமுறைக்கு வந்தது. ‘இனி இந்தியப் பட்டங்கள் இங்கே செல்லும்’ என்ற பேச்சு அதன் பின்னர் எமது கடைகளிலும் ஆலய வாசல்களிலும் அடிபடுகின்றது. அது அவசரப் பேச்சு. தாதியர், கணக்காய்வாளர், கட்டடக் கலைஞர் போன்ற தொழில்களில் இரு தரப்புத் தொழில் அமைப்புகளும் பரஸ்பர அங்கீகாரம் பற்றிப் பேச அது வழி செய்கின்றது. பேசி முடிக்கும் வரையில் நிலைமை முன்பு போன்றதே. இலங்கை அந்த உடன்படிக்கையில் ஒரு தரப்பு அன்று என்பதையும் நினைவிற் கொள்ளல் நன்று.

அகதிகளுக்கென்றே எழுதப்பட்ட ஒரு விதியும் உண்டு. 1997இல் லிஸ்பனில் கையொப்பமான தகைமை அங்கீகாரச் சமவாயம் சுவிசில் 1999 பெப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. அகதிகளும் இடம்பெயர்ந்தோரும் தமது தகைமைகளை ஆவணங்களால் நிரூபிக்க இயலாதவிடத்தும், அவற்றை நியாயமாகவும் விரைவாகவும் மதிப்பிட வழிகள் ஏற்படுத்த வேண்டும் என்று அதன் ஏழாம் பகுதி கூறுகின்றது. வீடு எரிந்தபோது சான்றிதழ்களும் எரிந்துபோன எம்மவர்க்கு இதைவிட ஆறுதலான வாசகம் வேறேது என்று தோன்றும். ஆனால் நுணுகிப் படித்தால், சமவாயத்தில் இணைந்த நாடுகளில் பெற்ற தகைமைகளைப் பற்றியே அவ்விதி பேசுகின்றது. இலங்கை அதில் இணைந்த நாடு அன்று. 2017இல் அச்சமவாயத்தின் குழு அகதிகளின் தகைமைகள் பற்றித் தனியாக ஒரு பரிந்துரையை வெளியிட்டது. பரிந்துரை சட்டம் ஆகாதெனினும், விண்ணப்பத்தோடு அதனைச் சுட்டிக்காட்டுவதில் தவறில்லை. ஆவணம் இல்லாதவர் தாம் படித்த பாடசாலை, ஆண்டு, பரீட்சைச் சுட்டெண், பணிபுரிந்த இடம் ஆகியவற்றை இயன்றவரை எழுதிவைப்பது பயன்தரும். க.பொ.த. பெறுபேறுகளை இலங்கைப் பரீட்சைத் திணைக்களத்திடமிருந்து மீளப் பெறவும் வழியுண்டு.

வாரவிடுமுறையில் எமது பிள்ளைகள் செல்லும் தமிழ் வகுப்புகளும் ஒருவகையில் எல்லை கடந்த கல்வியே என்பதை இவ்விடத்தில் சொல்லாமல் விட மனம் வரவில்லை. எங்கோ அச்சான பாடநூல், கூலி வாங்காத அல்லது பயணச் செலவு மட்டும் வாங்கும் ஆசிரியை, வாடகைக்கு எடுத்த வகுப்பறை. வாரத்தில் குறைந்தது இரண்டு மணித்தியாலத் தாய்மொழிக் கல்விக்கு ஆதரவளிக்குமாறு கன்ரன்களின் கல்வி அமைச்சர் மாநாடு 1991இல் பரிந்துரைத்தது. 2009இல் நடைமுறைக்கு வந்த ‘ஹார்மொஸ்’ உடன்படிக்கையும் இவ்வகுப்புகளை ஆதரிக்கின்றது. சூரிச்சில் அங்கீகாரம் பெற்ற தாய்மொழி வகுப்பின் புள்ளி, பிள்ளையின் பாடசாலை அறிக்கையிலும் இடம்பெறலாம். எந்த வர்த்தக உடன்படிக்கையும் தீண்டாத இந்த ஏழை வகுப்புக்குக் கிடைக்கும் மதிப்பு, பல்லாயிரம் பிராங் வாங்கிய அந்த நிறுவனத்தின் பட்டத்துக்குக் கிடைக்கவில்லை.

அந்தத் தந்தையோடு பேசிக்கொண்டிருக்கையில் வேறொன்றும் வெளிவந்தது. மகனுக்கு வழி தேடி வந்தவர், தம்மைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. சுவிஸ் நாடு கல்வியை வாங்கும் நாடு மட்டுமன்று, விற்கும் நாடும் ஆகும். லவுசானில் 1893இல் தொடங்கிய விடுதி முகாமைத்துவப் பாடசாலைக்கு உலகெங்கிலுமிருந்து வசதி படைத்தோரின் பிள்ளைகள் வருகின்றனர். 2021இல் அது சிங்கப்பூரிலும் வளாகம் திறந்தது. அதே தொழிலின் அடுப்படியில் இருபது ஆண்டுகள் நின்ற எமது வாசகரிடம் ஒரு தாளும் இல்லை. ஆனால் அவருக்கு வழியுண்டு. தொழிற்கல்விச் சட்டவிதியின் 32ஆம் பிரிவின்படி, ஐந்து ஆண்டுத் தொழில் அனுபவம் உள்ள வளர்ந்தோர், மூன்று ஆண்டு ‘லேர’ செய்யாமலேயே, அதன் இறுதிப் பரீட்சைக்குத் தோற்றலாம். சித்தியடைந்தால் பதினெட்டு வயதுப் பையன் பெறும் அதே கூட்டரசுத் தொழிற்சான்றிதழே இவருக்கும் கிடைக்கும். செவ்வாய் மாலைகளில் இருக்கும் தயார்ப்படுத்தும் வகுப்பும், பரீட்சையின் மொழியும் கடினம்தான். தகவல் தருவது கன்ரனின் தொழில் ஆலோசனை நிலையம் (எம்மவர் ‘பெறூவ்ஸ்பெறாற்றுங்’ என்பது). இவ்விதியை அவர் எம்மிடம்தான் முதன்முதலாகக் கேள்விப்பட்டார். இருபது ஆண்டுகளில் ஒருவரும் சொல்லவில்லையே என்றார். நாமும் இதுவரை எழுதாமல் இருந்துவிட்டோம்.

மகனின் நிலை சிக்கலானது. வெளிநாட்டுப் பட்டமானால் பேர்ணிலுள்ள ‘சுவிஸ்யூனிவேர்சிற்றீஸ்’ அமைப்பின் தகவல் நிலையத்திடம் அங்கீகாரப் பரிந்துரை கேட்கலாம். தாதி, மருத்துவர், ஆசிரியர் போன்ற சட்டத்தால் ஒழுங்கமைக்கப்பட்ட தொழிலானால் அதற்குரிய அதிகாரியிடம் விண்ணப்பிக்கலாம். ஆனால் இந்நாட்டிலேயே, தர அங்கீகாரம் இல்லாத நிறுவனத்தில் பெற்ற பட்டத்துக்கு இவ்விரண்டு வாசலும் பொருந்துவதில்லை. தனியார் நிறுவனத்துப் பட்டத்தைக் கண்டு வேலை கொடுக்கும் முதலாளிமாரும் உண்டு. அது அவர்களின் விருப்பம். உரிமையாகக் கேட்க முடியாது. பாடங்களுள் சிலவற்றையேனும் கணக்கிற் கொள்வார்களா என்று அவர் இப்போது இரண்டு உயர்தொழிற் கல்லூரிகளுக்கு எழுதியிருக்கிறார். ஒன்றிலிருந்து பாடத்திட்டத்தை விரிவாக அனுப்புமாறு பதில் வந்துள்ளது.

பணம் கட்டுவதற்கு முன்னர் ஒரேயொரு கடிதம் எழுதுங்கள் என்று மற்றைய பெற்றோரைக் கேட்டுக்கொள்கிறோம். பிள்ளை அடுத்ததாகச் சேர விரும்பும் அரசக் கல்லூரிக்கோ, வேலை கேட்கப்போகும் துறையின் அதிகாரிக்கோ, “இன்ன நிறுவனத்தின் இன்ன பட்டத்தை ஏற்பீர்களா?” என்று எழுதி, எழுத்திலேயே பதில் பெறுங்கள். விற்பவரிடம் கேட்காதீர்கள். மேலும், கல்வி உதவிப்பணம் பெறும் தகுதியுள்ள குடும்பங்கள், அங்கீகாரமற்ற கற்கைநெறிக்குப் பொதுவாக அது கிடைப்பதில்லை என்பதையும் கன்ரன் அலுவலகத்தில் முன்கூட்டியே உறுதிப்படுத்திக்கொள்ளவும். அசல் சான்றிதழ்களைத் தபாலில் அனுப்ப வேண்டாம். உறுதிப்படுத்தப்பட்ட பிரதிகளே போதுமானவையா என்று முதலில் கேட்டறியவும்.